கண் துறைக்குப் போக டாக்டர் சீட் மட்டும்தான் வழியா?

வணக்கம் அம்மா,

ராயபுரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. நீட்டில் மகளுக்கு இரண்டாம் முறையும் மார்க் வரவில்லை, மூன்றாவது முறை எழுத வைக்கலாமா என்பது ஒன்று. கண் டாக்டராக முடியாவிட்டால் அவளுக்கு வேறு என்னதான் இருக்கிறது என்பது இன்னொன்று. பின்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாள், அந்த மெஷின் புரையை எப்படி உடைக்கிறது என்று டாக்டரைத் துளைத்தெடுத்தாளாமே. வீட்டில் எல்லாரும் சிரித்தீர்களாம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை அம்மா. அவள் மனசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்தக் கேள்வியே சொல்கிறது.

அந்த முறைக்கு ஃபேகோ என்று பெயர். கண்ணில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி, அதன் வழியே உள்ளே போகும் ஊசிமுனை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து புரையை உடைத்து உறிஞ்சிவிடும். 1967-இல் இதைக் கொண்டுவந்தவர் நியூயார்க் டாக்டர் சார்லஸ் கெல்மன். பல் டாக்டரிடம் போயிருந்தபோது, பல் காறை எடுக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை இது. யோசனை டாக்டருடையது, கருவியைச் செய்ததில் ஆண்டன் பாங்கோ என்ற இன்ஜினியருக்குப் பெரிய பங்கு உண்டு. புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் கதையும் இப்படித்தான். 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி அதை முதன்முதலில் வைத்தார். ஆனால் அவரோடு சேர்ந்து லென்ஸை உருவாக்கியவர் ஜான் பைக் என்ற ஒளியியல் நிபுணர்.

பாங்கோ, பைக் போல டாக்டராக இல்லாமலே கண் சிகிச்சைக்கு உதவிய மூன்றாவது ஆள் நம்ம ஊரில் படித்தவர். ரங்கசாமி சீனிவாசன், 1950-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். இவர் வேதியியலாளர். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், புற ஊதாக் கதிர் வீசும் எக்ஸைமர் லேசர் பிளாஸ்டிக்கை எப்படிச் செதுக்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை எடுத்து வந்து அதன்மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல், வெட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்தது. சாமுவேல் ப்ளம், ஜேம்ஸ் வைன் என்ற இரண்டு சகாக்களோடு அதைத் தொடர்ந்தார். இன்றைக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போட லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொள்கிறார்களே, அதன் அடிப்படை அந்த வெட்டுதான். அமெரிக்க அதிபர் கையால் தேசிய விருதும் வாங்கினார். நீட் என்று ஒன்று அப்போது இருந்து, அதை அவர் எழுதியிருந்தாலும் பாஸ் பண்ணியிருப்பாரோ என்னவோ!

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். பிளஸ் டூவில் பயாலஜி-மேத்ஸ் குரூப் எடுத்தது பெரிய நல்லது. கணக்கு இல்லாவிட்டால் பொறியியல் கலந்தாய்வுக் கதவு மூடியிருக்கும். என் முதல் சாய்ஸ் பி.இ. பயோமெடிக்கல், அதாவது மருத்துவக் கருவிகளுக்கான பொறியியல் படிப்பு. கிண்டி கல்லூரியிலேயே இருக்கிறது. கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று 200-க்குத்தான் கட்-ஆஃப், நுழைவுத் தேர்வு கிடையாது. அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு இங்கேயும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். படித்தபின் ஆஸ்பத்திரிதான் என்றில்லை. லென்ஸ் தயாரிக்கும் இடங்களிலும் வேலை உண்டு. மதுரையில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கே லென்ஸ் செய்து காட்டியது.

நோயாளிகளோடு பேசிப் பழகப் பிடிக்கும் என்றால் பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி. இன்டர்ன்ஷிப்போடு நான்கு வருடம். பார்வையைச் சோதிப்பது, கண்ணாடி எழுதுவது, ஆபரேஷனுக்கு முன் லென்ஸ் பவர் கணக்கிட அளவெடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஆபரேஷன் செய்ய முடியாது. இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பிற்பாடு ஏமாற்றம் வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் "ஆறே மாதத்தில் ஐ டெக்னீஷியன், வேலை உறுதி" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பணம் கட்டும் முன் எந்தப் பல்கலைக்கழக இணைப்பு, எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது நீட் பற்றி: மார்க் ஷீட் அனுப்புங்கள். கட்-ஆஃபுக்கு மிகப் பக்கத்தில் வந்து, அவளே ஆசைப்பட்டுக் கேட்டால் மட்டும் யோசிக்கலாம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதன்மேல் கண்ணுக்கு எம்.எஸ். மூன்று வருடம். இந்தக் கணக்கையும் அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்பதற்காக மட்டும் இன்னொரு வருடம் கோச்சிங் சென்டரில் உட்கார வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

அதற்குமுன் ஒரு வேலை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி அவளை அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 1819-இல் தொடங்கியது. கண் அழுத்த நோய்க்குத் துளை போட்டு நீரை வடியவிடும் ஓர் அறுவை முறையை 1909 வாக்கில் உருவாக்கிய எலியட் அங்கே தலைமை வகித்தவர். ஆப்டோமெட்ரி பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவிகள் யாராவது அங்கே இருந்தால் அவளே பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள், கூடப் போய்க் கேள்வி கேட்காதீர்கள். பேசிவிட்டு வந்து அவள் என்ன சொன்னாள் என்று மார்க் ஷீட்டோடு சேர்த்து எழுதுங்கள்.