லேடெக்கில் இரண்டு பத்தி, வலைப்பக்கத்தில் ஒன்றா?

கேள்வி: லேடெக்கில் (ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் மென்பொருள்) இரண்டு பத்தியாக, அதாவது செய்தித்தாள் போல அடுத்தடுத்த இரண்டு நெடுவரிசையாக, அமைத்த கட்டுரையை பேண்டாக் என்ற கோப்பு மாற்றி மூலம் எச்டிஎம்எல் (வலைப்பக்க வடிவம்) ஆக்கினால் எல்லாம் ஒரே பத்தியாக வருகிறது. நடுவே சம்பந்தமில்லாமல் ‘2’ என்ற எண் வேறு நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த ‘2’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். லேடெக்கில் பத்தி பிரிக்கும் ‘மல்டிகால்ஸ்’ சூழலைத் திறக்கும்போது எத்தனை பத்தி என்று நீங்கள் அடைப்புக்குள் கொடுத்த எண்தான் அது. பேண்டாக்குக்கு அந்தச் சூழல் பழக்கமில்லை. அதனால் அதே பெயரை கிளாஸாக (அடையாளப் பெயராக) வைத்து ஒரு டிவ் (எச்டிஎம்எல் பெட்டி) போட்டுவிட்டு, எண்ணையும் கட்டுரை வாசகம் என்று எண்ணி உள்ளே தள்ளிவிடுகிறது. மூலக் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் அந்த அடைப்பை எண்ணோடு நீக்கிவிட்டு மாற்றுங்கள். டிவ் மட்டும் சுத்தமாகக் கிடைக்கும்.

பத்தி பிரிப்பது இனி வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் வேலை. மல்டிகால்ஸ் கிளாஸுக்கு ‘காலம்ஸ்’ பண்பில் 18எம், 2 என்று இரண்டு மதிப்பும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பத்தி குறைந்தது 18எம் அகலம், அதிகபட்சம் 2 பத்தி என்று பொருள். ஒரு எம் என்பது எழுத்தளவுக்குச் சமம். எழுத்தளவு 16 பிக்சல் என்றால் 18எம் என்பது 288 பிக்சல். 360 பிக்சல் அகலப் போனில் தானாகவே ஒரு பத்தியாகிவிடும். வெறும் 2 என்று கொடுத்தால் போனிலும் இரண்டாகப் பிரிந்து, வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். தமிழ்க் கட்டுரை என்றால் கேட்கவே வேண்டாம். படம், அட்டவணைக்கு ‘பிரேக்-இன்சைட்’ பண்பை ‘அவாய்ட்’ ஆக்குங்கள், நடுவில் உடையாது. நீளமான சமன்பாடு பக்கத்துப் பத்தியின் மேல் ஏறும். அதை மல்டிகால்ஸுக்கு வெளியே வைப்பதே நல்லது.

சரி, ஆவணத்தின் தலையிலேயே ‘டூகாலம்’ என்று போட்டு முழுக் கட்டுரையையும் இரண்டாக்கியிருந்தால்? அதை வலைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பேன். தாளுக்கு உயரம் உண்டு, வலைப்பக்கத்துக்குக் கிடையாது. முதல் பத்தியைக் கடைசிவரை படித்துவிட்டு, இரண்டாவதற்காக மறுபடி உச்சிவரை ஏற வேண்டும். கலைச்சொல் பட்டியல், சிறு பயிற்சிக் கணக்குகள் மாதிரி ஒரு திரைக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் பத்தி பிரியுங்கள்.

லேடெக்கின் மினிபேஜ் (பக்கத்துக்குள் ஒரு சிறு பெட்டி) வைத்துப் பக்கத்தில் பக்கமாக நிறுத்தியவை வேறு கதை. அங்கே வாசகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழிவதில்லை. அவற்றுக்குக் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட்தான் சரி.