குவிமாடம் இல்லாமல் பள்ளிவாசல் கட்டலாமா?

மதுரை கோரிப்பாளையம் தர்கா குவிமாடத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவர் கேட்கிறார்: இஸ்லாமாபாத் ஃபைசல் பள்ளிவாசலில் குவிமாடத்தையே காணோமே, ஏன்?

சரி, முதலில் ஒன்று. தொழுவதற்கு வேண்டியது சுத்தமான இடமும் கிப்லா (மக்காவின் கஅபாவை நோக்கிய) திசையும்தான். குவிமாடம் மார்க்கக் கட்டாயமில்லை, கட்டடப் பழக்கம். நடுவில் தூண் வைக்காமல் பெரிய கூடத்தை மூட அந்தக் காலத்தில் அதுதான் நல்ல வழி. கான்கிரீட் வந்ததும் வேறு வழிகளும் வந்துவிட்டன.

ஃபைசல் பள்ளிவாசலை வரைந்தவர் துருக்கியர் வேதாத் தாலோகாய். 1969-இல் நடந்த சர்வதேசப் போட்டியில் தேர்வான வடிவம். பாலைவன நாடோடிகளின் கூடாரத்தை நினைத்து, எட்டுப் பக்கமாக மடிந்து இறங்கும் கான்கிரீட் கூரை போட்டார். உள்ளே அண்ணாந்து பார்த்தால் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. நான்கு மூலையிலும் சீவிய பென்சில் மாதிரி மினாராக்கள், அதாவது உயர்ந்த கோபுரங்கள். அவை மட்டும் அசல் துருக்கி பாணி. சவூதி மன்னர் ஃபைசல் பெயரில், அந்நாட்டுப் பண உதவியோடு 1976-இல் தொடங்கி 1986-இல் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே தாலோகாய் துருக்கித் தலைநகர் அங்காராவின் கொஜாதெபே பள்ளிவாசலுக்கும் முன்பு நவீன வடிவம் கொடுத்திருந்தார். அஸ்திவாரம் போட்ட பிறகு அதைக் கைவிட்டு, அங்கே பழைய பாணியில் பெரிய குவிமாடமே கட்டினார்கள்.