டொராண்டோ சிங்க்கும் குடியாத்தத்துச் சலதாரையும்

தம்பி, டொராண்டோ வந்து இரண்டே மாதத்தில் சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டது, ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றினால் சரியாகுமா, பிளம்பர் செலவு யார் தலையில் விழும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் காட்பாடி, நான் குடியாத்தம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இன்று காலைகூட அம்மா பின்கட்டுச் சலதாரையில் மூங்கில் பிளாச்சை விட்டு நாலு குத்து குத்தி, ஒரு குண்டான் வெந்நீரை ஊற்றினார். கறிவேப்பிலையும் தேங்காய் நாரும் மிதந்து தெருக் கால்வாய்க்குப் போயின. அவ்வளவுதான் வேலை. இந்த மே மாத வெயிலில் கொழுப்பு எங்கே உறையப் போகிறது?

டொராண்டோவில் அப்படி இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், ஆட்டுக் கொழுப்பு அதற்கும் முன்பே. அங்கே என் முதல் தீபாவளிக்கு நம் ஊர் வழக்கப்படி இட்லிக்குக் கறிக்குழம்பு வைத்து, சட்டியை அப்படியே சிங்க்கில் கழுவினேன். மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கவில்லை. சிங்க்குக் கீழே வளைந்திருக்கும் குழாயைக் கழற்றினால் மெழுகுவத்தி மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி, நடுவில் ஒற்றைக் கறிவேப்பிலை.

சோடாவும் வினிகரும் பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். வருவது கரியமில வாயு. பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். கொழுப்பை அது கரைக்காது. லேசான அடைப்பு என்றால் முயன்று பாருங்கள், நஷ்டமில்லை. நான் செய்வது வேறு. தேங்கிய தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைத் தாராளமாக விட்டு, கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரை மெதுவாக ஊற்றுவேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும். அப்புறம் பிளஞ்சர், அதாவது கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம். இரட்டைத் தொட்டி என்றால் பக்கத்து ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள், இல்லாவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கீழே வாளி வைத்து வளைவுக் குழாயைக் கழற்றலாம். ஆனால் அடைப்பு நீக்கக் கடையில் விற்கும் மருந்து ஏதாவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால் பிளஞ்சரையும் தொடாதீர்கள், குழாயையும் கழற்றாதீர்கள். தெறித்தால் கண் போய்விடும். பிளீச்சிங் திரவத்தோடு வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

செலவு விஷயம்: ஒன்டாரியோவில் வாடகை வீட்டின் பழுது பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. இன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நீங்கள் கொழுப்பை ஊற்றித்தான் அடைத்தது என்று தெரிந்தால் மட்டும் பில் உங்கள் பக்கம் திரும்பலாம். அதனால் இனிமேல் பிரியாணிச் சட்டியைப் பேப்பரால் துடைத்த பிறகே கழுவுங்கள்.

ஜூனில் திரும்பிவிடுவேன். அதுவரை நட்டு கழலவில்லை என்றால் சொல்லுங்கள், பைப் ரெஞ்சு என்னிடம் இருக்கிறது.