தீபாவளிக்கு முந்தைய இரவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் என் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் கூடி உட்கார்ந்து முறுக்குச் சுற்றலாம், அதிரசம் தட்டலாம் என்று மாவெல்லாம் தயாராக வைத்திருந்தேன். காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் நள்ளிரவு வரை தள்ளுபடி என்று செல்போனில் செய்தி வந்ததும், அத்தனை பேரும் காரில் ஏறிப் போய் இரவு ஒரு மணிக்குத்தான் திரும்பினார்கள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஒருவரையும் எழுப்ப முடியவில்லை. இதைத் தடுக்க வழியே இல்லையா? அமெரிக்காவிலும் இப்படித்தான் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது என்கிறான் பேரன். மூத்த மகனோ, "கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கும் நாலு காசு கூடக் கிடைக்கிறதே" என்கிறான்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

தங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. ஆனால் தங்கள் கடிதத்தில் இடம்பெறாத ஒருவரைப் பற்றித்தான் நான் முதலில் எழுத வேண்டும். அன்றிரவு தங்கள் பிள்ளைகளுக்கு எதிரில் நின்று சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிய பெண்ணுக்கும் ஒரு வீடு உண்டு. அங்கேயும் மாவு பிசைந்து வைத்துவிட்டு யாரோ காத்திருந்திருப்பார்கள்.

காரைக்குடிக் கடைகளில் நிற்கும் பெண்களில் பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். நமக்குக் கடை மூடும் நேரம் வேறு, அவர்களுக்கு வேலை முடியும் நேரம் வேறு. ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, குவிந்து கிடக்கும் சேலைகளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, விலைச்சீட்டு வெளியே தெரியும்படி ரகம் பிரித்து அலமாரியில் அடுக்கி, கவுன்ட்டர் கணக்கையும் ஒப்படைத்த பின்புதான் அவர்கள் வெளியே வர முடியும். ஒரு குடும்பம் பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்து, இருபது சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போனாலும், அந்த இருபதையும் மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்ப வேண்டும். கடைசி பஸ் அதுவரை நிற்காது. நாள் முழுக்க நிற்கும் இவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தங்கள் மகன் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. கூடுதல் வேலைக்குக் கிடைக்கும் காசு அந்த வீடுகளுக்குத் தேவைதான். தீபாவளி போனஸை நம்பியே கடனை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழில் நிறுவனங்களுக்கான நமது 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டம் ஆண்டுக்கு நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் சம்பளத்தோடு தருகிறது. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுமுறையோ கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய இரவு எந்தப் பட்டியலிலும் விடுமுறை இல்லை. பண்டிகையின் பாதி வேலையும் பாதி மகிழ்ச்சியும் அந்த இரவில்தான் இருக்கின்றன என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024-இல் தீபாவளிக்கு மறுநாளையும் விடுமுறையாக அரசு அறிவித்தபோது, அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும்தான் கிடைத்தது. கடை ஊழியர்களுக்கு இல்லை. கூடுதல் காசு வேண்டுமா என்று கேட்கப்படும் பெண்ணுக்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுவாரம் வேலையில் நீடிக்கும் உறுதியும் இருந்தால்தான் அதை அவள் விருப்பம் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

வணிகத்தில் ஊறிய நம் செட்டிநாட்டுப் பகுதிக்கு இது புதிய செய்தி அல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் லேவாதேவிக்கு, அதாவது வட்டித் தொழிலுக்குப் போன கடைகளில், சம்பளத்துக்குப் போனவர்கள் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அந்த மூன்றாண்டுப் பிரிவு சிறிய துன்பம் அல்ல, அதைப் பெருமையாகச் சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் வீடு திரும்புவது முதலாளியின் தயவாக இல்லாமல், தொழில் முறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. கார்த்திகைத் தீபம் கழிந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பன்று, மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியான இழையைப் பெரியவர் கையால் வாங்கிக்கொள்ள வீட்டார் அனைவரும் கூட வேண்டும் என்று எண்ணுகிற சமூகத்துக்கு, அடுத்த வீட்டாரும் தம் பண்டிகைக்குக் கூட வேண்டும் என்பது எளிதில் புரியும் என்றே நம்புகிறேன்.

பேரன் சொன்னதும் சரி. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன், குடும்பம் கூடி விருந்துண்ணும் நன்றி நவிலல் நாள். மறுநாள் வெள்ளியன்று பெரிய தள்ளுபடி. 2010-களில் பல பெருங்கடைகள் வெள்ளி வரை பொறுக்காமல் வியாழன் மாலையிலேயே திறந்தன. விருந்து மேசையிலிருந்து ஊழியர்கள் எழுந்து ஓட வேண்டியிருந்தது. அவர்கள் கையெழுத்து திரட்டி எதிர்த்தார்கள். 2020-இல் பெருந்தொற்றினால் அந்த நாளில் மூடிய பெரிய நிறுவனங்கள் பல, அதன்பின் மூடியே வைத்திருக்கின்றன. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் ஆகிய மாநிலங்களில் பெரும்பாலான பெருங்கடைகள் அன்று திறக்கச் சட்டமே இடம் தருவதில்லை. மூடியதால் அந்நாட்டு வியாபாரம் படுத்துவிடவும் இல்லை. வாங்க நினைத்தவர்கள் வேறு நாளில் வாங்கிக்கொண்டார்கள்.

இங்கும் அதுவே நடக்கும். தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு எல்லா ஜவுளிக்கடைகளும் மூடினால், யாரும் பழைய துணியோடு பண்டிகை கொண்டாடப் போவதில்லை. ஒரு கடை மட்டும் மூடினால் அது நட்டப்படும். ஆகவே இதை வணிகர் சங்கத்தின் வழியாக, எல்லாரும் ஒரே நேரத்தில் மூடும்படிதான் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் ஊழியர்கள் அல்லர், வேலை போய்விடும் என்ற பயம் இல்லாத வாடிக்கையாளர்கள். தங்களைப் போல ஆண்டுதோறும் ஒரே கடையில் மொத்தக் குடும்பத்துக்கும் துணி எடுக்கும் வீடுகளின் சொல்லுக்குக் கடைக்காரர்களிடம் மதிப்பு உண்டு. அடுத்த ஆடித் தள்ளுபடிக்கு முன்பே மனுவைக் கொடுத்துவிட்டால், தீபாவளிக்குத் திட்டமிட அவர்களுக்குக் காலம் இருக்கும். தாங்கள் எழுதுங்கள் ஆச்சி. தேவகோட்டைக்கு வந்து இரண்டாவது கையெழுத்தை நான் போடுகிறேன். மூன்றாவது கையெழுத்தைத் தங்கள் மூத்த மகனிடம் கேளுங்கள்.