கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் நோய்க் கண்காணிப்பை உண்மையிலேயே செய்கிறார்களா, பதிவேட்டை மட்டும் நிரப்புகிறார்களா?

உங்கள் தெருவில் நாலைந்து பேர் காய்ச்சலில் படுத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது, கோபம் நியாயமானதுதான். ஆனால் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வாராவாரம் ‘நில்’ (nil), அதாவது நோயாளி யாரும் இல்லை, என்று அறிக்கை அனுப்பியவரை யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எண்ணிக்கையோடு அனுப்பியவர்தான் விளக்கம் கொடுக்க நேர்ந்தது.

ஒரு கோடையில், ஒரே தெருக்காரர்கள் மாறி மாறி வந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிப் போவதாக மருந்துக்கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். கிராம சுகாதார செவிலியர் அன்று மாலைக்குள் வீடு வீடாகப் போய், யாருக்கு என்று வயிற்றுப்போக்கு தொடங்கியது, எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்தார்கள் என்று பட்டியல் எடுத்துவிட்டார். தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் குளோரோஸ்கோப்புடன் நான் போனேன். மேல்நிலைத் தொட்டியை ஒட்டிய குழாயில் பிடித்த தண்ணீர் ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைக் கரைசலை விட்டதும் மஞ்சளானது, அதாவது குளோரின் இருந்தது; அந்தத் தெருவின் கடைசிக் குழாய்த் தண்ணீர் நிறமே மாறவில்லை. கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். தோண்டிப் பார்த்தால் சாக்கடையோரம் குழாயில் விரிசல். வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சும்போதெல்லாம் கழிவுநீரும் சேர்ந்து வந்திருக்கிறது. இணைப்பை நிறுத்தி, லாரித் தண்ணீர் கொடுத்து, குழாயை மாற்றிய பின் புதிதாக யாரும் படுக்கவில்லை.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த கேள்வி, “உங்க ஏரியாவுல மட்டும் ஏன் இவ்வளவு கேஸ்?” என்பதுதான்.

எல்லோரும் உத்தமர்கள் என்று வாதாட நான் வரவில்லை. கதவைத் தட்டாமலே, வந்துபோனதாகச் சுவரில் தேதி போட்டுவிட்டுப் போகிறவர்களையும் அறிவேன். ஆனால் அளவுகோலை மாற்றினால் வேலையும் மாறும் என்பதற்குப் போலியோ கண்காணிப்பே சான்று. 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில், போலியோ அல்லாத வேறு காரணங்களால் வரும் திடீர்த் தளர்வாதம் (கைகால் திடீரெனத் துவண்டுபோவது) ஆண்டுக்கு ஒருவருக்காவது கண்டறியப்படவில்லை என்றால், நோய் இல்லை என்று அங்கே மகிழமாட்டார்கள். தேடியதில்தான் குறை என்பார்கள். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ (தடுப்பு மருந்திலிருந்து அல்லாமல் இயற்கையாகப் பரவும் வைரஸால் வருவது) பதிவாகவில்லை என்று 2014இல் சான்று கிடைத்தபோது அதை உலகம் ஏற்றதற்கு அந்தக் கெடுபிடியும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெங்கு, மருத்துவமனைகள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். இருந்தும், தனியார் மருத்துவமனை ஒன்றில் பட்டியல் கேட்டு வரவேற்பறையில் காத்துக் கிடந்திருக்கிறேன். கைக்கு வந்தபோது நோயாளி குணமாகி வீடு திரும்பியிருப்பார், அவர் வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு பெருகியிருக்கும். அதற்கும் திட்டு வாங்கியவர்கள் களப்பணியாளர்களே.

உங்கள் தெருவில் இன்னும் காய்ச்சல் இருந்தால், பெயரும் தொடங்கிய தேதியும் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள், 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.