கம்பியை நிறுத்துப் பார்த்தீர்களா?

தை பிறக்கப் போகிறது என்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வீடு கட்டுபவர்களிடமிருந்து வரும். மிக்சி, பிரிட்ஜ் புகார்கள் அடுத்த வாரம். பத்துப் பக்கம் எழுதியவர்கள் மன்னிக்கவும், எல்லாக் கடிதங்களையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மண் பரிசோதனைக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காமலேயே கட்டினார், நன்றாகத்தான் இருக்கிறது. மேஸ்திரியும் தேவையில்லை என்கிறார். வீண் செலவுதானே?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: கரிசல் பூமியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா? உங்கள் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மேலே வீடு இருக்கிறதே என்று அது நிறுத்திக்கொள்ளாது.

என் கதையைச் சொல்கிறேன். நான் வாங்கிய முதல் மனை கண்மாய்க் கரையை ஒட்டியது. இரண்டடிக்குச் செம்மண் கொட்டிச் சமப்படுத்தி லேஅவுட் போட்டிருந்தார்கள். மேலே பார்த்தால் குங்குமம் மாதிரி மண். பரிசோதனைக் காசை மிச்சம் பிடித்து தேக்குக் கதவு வாங்கினேன். மூன்றாம் வருடம் சன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல் கிளம்பியது. சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். ஆனியில் ஐம்பது பைசா நாணயம் உள்ளே போனது, கார்த்திகையில் போகவில்லை. சுவர் மூச்சு விடுகிறது என்று அன்றுதான் புரிந்தது. தேக்குக் கதவு நிலையோடு சேர்ந்து கோணி, இன்றுவரை தோளால் இடித்துத்தான் திறக்கிறோம்.

பரிசோதனை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். குழாய் 45 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். முதல் 15-ஐ விட்டுவிட்டு, கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்பதுதான் 'N வேல்யூ', மண்ணின் உறுதியைச் சொல்லும் எண். அடிகளை நீங்களும் எண்ணலாம், இதற்குப் பட்டம் தேவையில்லை. துளையே போடாமல் பக்கத்து மனை ரிப்போர்ட்டில் பெயரை மாற்றித் தருபவர்களும் இருப்பதால் சொல்கிறேன். கரிசலாக இருந்தால் மண் உப்பும் அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆழமான கரிசல் என்றால் பொறியாளர் 'அண்டர் ரீம்டு பைல்' சொல்லக்கூடும். அடியில் குமிழ் வைத்த, குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்கும் தூண் அது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டிப் போய்க் காலூன்றும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சன்னல் மூலையைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 12 எம்.எம். கம்பி 94 வாங்கினேன். கடைக்காரர் அட்டவணையைப் பார்த்து ஒரு டன் என்று பில் போட்டார். சந்தேகத்தில் வண்டியை எடைமேடைக்கு விட்டேன். கம்பி மட்டும் 930 கிலோதான். கேட்டால் 'ரோலிங்கில் அப்படித்தான் வரும்' என்கிறார்.
— வாசகி, பெரம்பலூர்

பதில்: முதலில் ஒரு சபாஷ். எடைமேடை வரை போனவர் இந்தக் கடிதக் கட்டிலேயே நீங்கள் ஒருவர்தான்.

கணக்கு சுலபம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. 12 எம்.எம். என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.888 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ, 94 கம்பி 1,002 கிலோ வர வேண்டும். உங்களுக்கு 7 சதவீதம் குறைவு. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786, இந்த அளவுக் கம்பிக்கு 5 சதவீதம் வரைதான் ஏற்ற இறக்கம் அனுமதிக்கிறது. 10 எம்.எம். வரை 7, 16-க்கு மேல் 3. 'அப்படித்தான் வரும்' என்பது 12-க்குச் செல்லாது.

இதில் 70 கிலோ காசு மட்டும் போகவில்லை. வடிவமைத்தவர் 12 எம்.எம். என்று நம்பிப் போட்ட கணக்கில், பீமுக்குள் அதைவிட மெலிந்த கம்பி படுத்திருக்கும். கான்கிரீட் போட்ட பிறகு யாருக்குத் தெரியும்?

எடைமேடைச் சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். கம்பியை வெட்டாமல் மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் எடையளவுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுங்கள், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது அவர்கள்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். இனிமேல் பில் எடைமேடை எடைக்கு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சிமென்ட் விலை குறைந்திருந்ததால் ஆடியிலேயே 200 மூட்டை வாங்கி மாட்டுக் கொட்டகையில் அடுக்கிவிட்டேன். தையில் வேலை ஆரம்பம். தார்ப்பாய் போட்டிருக்கிறேன். போதுமா?
— வாசகர், சீர்காழி

பதில்: போதாது. ஐப்பசி மழையை சீர்காழியில் தார்ப்பாயால் தடுக்க முடியுமா? மூன்று மாதம் கிடந்த சிமென்ட் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும் என்பது பொதுக் கணக்கு, ஈரம் பட்டால் அதற்கும் மேல். மூட்டையில் எந்த வாரம், எந்த மாதம் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். வாங்கும்போது பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு மூட்டையிலும் கையை விடுங்கள். மாவு போல் குளிர்ச்சியாக இருந்தால் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவெடுங்கள், கட்டி தட்டியிருந்தால் பில்லர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நானும் ஒருமுறை சலுகை விலையில் 40 மூட்டை வாங்கினேன். அதில் பதினொன்று இன்று கொல்லையில் துணி துவைக்கும் கல்.

கேள்வி: எம்-சாண்ட் 3 யூனிட் என்று இறக்கினார்கள். மறுநாள் குவியல் சின்னதாகத் தெரிகிறது. திருட்டா?
— வாசகர், அரூர்

பதில்: திருட்டுதான், ஆனால் இரவில் யாரும் வரவில்லை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லேசான ஈரம் உள்ள மணல் உப்பி, நான்கில் ஒரு பங்கு வரைகூட அதிக இடம் பிடிக்கும். காய்ந்தாலோ முழுக்க நனைந்தாலோ அமுங்கிவிடும். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்த ஈர மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள், எவ்வளவு இறங்குகிறது என்று. அந்த அளவுக்கு நீங்கள் வெறும் காற்றை மணல் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த லாரி வந்தால் கொட்டுவதற்கு முன் டேப்பால் நீளம், அகலம், ஆழம் அளந்து, ஈரத்துக்குக் கழித்துப் பேசுங்கள். எடைக்கு வாங்கினாலும் ஈரம் உங்கள் தலையில்தான்.

கேள்வி: சதுர அடி 2,300 ரூபாய் என்று 1,200 சதுர அடிக்குப் பேசினோம். 27.6 லட்சத்தில் 22 லட்சம் கொடுத்தாகிவிட்டது, வேலை செங்கல் கட்டோடு நிற்கிறது. இப்போது சம்ப், செப்டிக் டேங்க், ஹெட்ரூம் (மாடிப்படிக்கு மேல் வரும் அறை), போர்ட்டிகோ, காம்பவுண்ட் எல்லாம் தனி என்று இன்னும் 6 லட்சம் கேட்கிறார். ஒப்பந்தம் ஒரு பக்கம்தான். 'தரமான பொருட்களைக் கொண்டு' என்று எழுதியிருக்கிறது. கணவர் வெளிநாட்டில், நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.
— வாசகி, திருவண்ணாமலை

பதில்: அம்மா, உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஊரே இப்படித்தான் பேசுகிறது. கோபம் அந்த 'சதுர அடி ரேட்' மேல்தான், வருடக்கணக்காகப் புலம்பி வருகிறேன்.

கல்யாணத்துக்குச் சமையல் பேசும்போது இலைக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லி முடிப்போமா? எத்தனை பொரியல், பாயாசம் ஒன்றா இரண்டா, அப்பளம் உண்டா என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். ஒருநாள் சாப்பாட்டுக்கு அவ்வளவு. ஆயுசுக்கும் கடன் கட்டப்போகிற வீட்டுக்கு 'சதுர அடி இவ்வளவு', அவ்வளவுதான்!

எந்தச் சதுர அடி? வெளிச்சுவரின் வெளி விளிம்பு வரையா? பால்கனி முழுதாகவா, பாதியாகவா? மாடிப்படி இரண்டு தளத்திலும் எண்ணப்படுமா? தண்ணீர்த் தொட்டி உள்ளேயா, வெளியேயா? எதுவும் எழுதாதபோது எல்லாம் அவருக்குச் சாதகமாகத்தான் அளக்கப்படும். 'தரமான பொருள்' என்பதற்கு எந்த அதிகாரியும் அளவுகோல் வைத்திருக்கவில்லை. எழுத வேண்டியது கான்கிரீட்டின் வலுத் தரம் எம்20-க்குக் குறையக் கூடாது என்று (கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456, கம்பி வைத்த கான்கிரீட்டுக்குச் சொல்லும் குறைந்தபட்சம் அதுதான்). எந்த பீமில் எத்தனை கம்பி, என்ன விட்டம் என்று பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம். டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய் வரை, எத்தனை சன்னல், எத்தனை பிளக் பாயிண்ட். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும், தளத்தில் பாத்தி கட்டி விடுவது யார் பொறுப்பு, கரண்ட் பில் யாருடையது. இதை எழுதக் கேட்டால் 'நம்பிக்கை இல்லையா சார்?' என்று முகம் சுளிப்பார்கள். நம்பிக்கை இருப்பதால்தான் எழுதுகிறோம் என்று சொல்லுங்கள்.

பணம் விஷயம். வேலை எவ்வளவு ஏறியதோ அதற்குப் பின்னால் பணம் போக வேண்டும், முன்னால் போகக் கூடாது. உங்கள் வீட்டில் நூற்றுக்கு எண்பது போய்விட்டது, கூரைகூட இல்லை. ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு பங்கைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து சில காலம் தாண்டிய பிறகு கொடுப்பதுதான் அரசு வேலைகளில் நடப்பது. தனி வீட்டுக்கு அதைக் கேட்டால் மட்டும் அபசகுனம். கூடுதல் வேலை என்றால் தொடங்கும் முன் விலை பேசி இருவரும் கையெழுத்திட வேண்டும். தாமதத்துக்கு வாரம் இவ்வளவு என்று எழுதியிருந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு வாங்கித் தரும்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. இன்னும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய ஒரு சிவில் பொறியாளரை, ஒப்பந்ததாரருக்கு வேண்டியவரை அல்ல, கூலி கொடுத்துக் கூட்டிவந்து இதுவரை நடந்த வேலையை அளந்து மதிப்புப் போடச் சொல்லுங்கள். தேதி தெரியும்படி படம் எடுங்கள். வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சாட்சி. பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே தொடரலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்களே வாதாடலாம். ஒப்பந்தம் ஒரு பக்கம்தான் என்று தயங்காதீர்கள். அதில் 'தனி' என்று எதுவும் எழுதவில்லை அல்லவா? அந்த மௌனம் அவருக்கும் உதவாது.

கேள்வி: ரெடிமிக்ஸ் லாரியில் கலவை கெட்டியாக வந்ததால் ஆட்கள் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தார்கள். பரவாயில்லையா?
— வாசகர், ஆவடி

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எம்25-க்குக் காசு கொடுத்து வேறெதையோ ஊற்றியிருக்கிறீர்கள். லாரிச் சீட்டில் கலவை ஏற்றிய நேரம் இருக்கும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும், கெட்டியாவதைத் தள்ளிப்போடும் மருந்து சேர்த்திருந்தால் மட்டும் கூடுதல் நேரம். தாமதமாகியிருந்தால் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு. அன்று அதே கலவையில் சோதனைக்கு 15 சென்டிமீட்டர் கியூப் (கனசதுரக் கட்டி) எடுத்தார்களா? 28ஆம் நாள் உடைத்துப் பாருங்கள். எடுக்கவில்லையா? அப்படியென்றால் என்னிடம் கேட்டு என்ன பயன்?

கேள்வி: சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 'நூறு சதவீத வேலை' என்று ஒரு பயிற்சி நிலையத்தில் 48,000 கட்டிவிட்டேன். ஐ.எஸ். கோடுகள் (தரநிலை நூல்கள்) அடங்கிய பென்டிரைவ் தனியாக 3,500. பாதியில் வகுப்பு நின்றுவிட்டது.
— மாணவர், நாமக்கல்

பதில்: தம்பி, அந்த 3,500 தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இந்தியத் தரநிலைகளை, அவற்றை வெளியிடும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ். தன் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. மண் இயக்கவியல் தொடங்கி ஒப்பந்த மேலாண்மை வரை ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டெல் என்ற இணையப் பாடத் தளத்தில் கிடக்கின்றன, பார்க்கக் காசில்லை. ஆட்டோகேடும் மாணவர்களுக்கு இலவசம். 48,000-க்கு ரசீதும் அந்த 'நூறு சதவீத' விளம்பரத்தின் படமும் இருந்தால் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள், நடக்காத வகுப்புக்குப் பணத்தைக் கேளுங்கள். ஐந்து லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

அப்புறம், விடுமுறையில் ஏதாவது சைட்டில் நின்று கம்பி எண்ணுங்கள். பெரம்பலூர் வாசகியின் கடிதத்தை மேலே படித்தீர்களா?

கேள்வி: அடுக்குமாடி வீடு வாங்கி நான்கு வருடம். பீமில் விரிசல். பில்டர் 'ஒரு வருட உத்தரவாதம் முடிந்தது' என்கிறார்.
— வாசகர், ஓசூர்

பதில்: பொய். ரெராவின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) கீழ் வரும் திட்டமா என்று பாருங்கள். வந்தால், கட்டமைப்புக் குறைக்கு வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் அவர்தான் பொறுப்பு, நீங்கள் எழுதிக் கேட்ட 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இன்றே எழுதுங்கள். ஐந்தாம் வருடம் முடியட்டும் என்றுதான் அவர் காத்திருக்கிறார்.

கேள்வி: சோக் பிட்டை (கழிவுநீர் உறிஞ்சு குழி) வாஸ்துப்படி எந்த மூலையில் வைக்கலாம்?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி எந்த மூலையிலும்.