ஓவியரின் கையில் ஆய்வு உதவித்தொகை: சிட்டி சேரலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பாடப்புத்தகங்களுக்குச் செடி, கொடி வரைந்து மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறேன். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தேன், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்து பி.எச்டி. சேரப்போகிறேன். கையிருப்பு 1.5 லட்சம். கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் மாதம் 10,000 ரூபாய்ச் சிட்டி (ஏலச்சீட்டு) சேரச் சொல்கிறார் அப்பா. சேரலாமா? வரைவதை விட்டுவிட வேண்டுமா?

பதில்: இந்தச் சிட்டி இப்போதைக்கு வேண்டாம். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டு 42,000 என்று காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சேர்க்கை அறிக்கை, வழிகாட்டியின் கையெழுத்து, வங்கி விவரம் எல்லாம் பல்கலைக்கழகம் வழியாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் தொகை வரும். சில மாதங்கள் ஆவது சகஜம். அதற்குப் பிறகும் மாதாமாதம் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும். எழுத்தர் விடுப்பில் போனால் உங்கள் பணமும் நின்றுவிடும். நிலுவை பின்னால் மொத்தமாக வரும், சிட்டித் தவணை அதுவரை பொறுக்காது. ஏலத்தில் எடுத்தாலும் ஜாமீன் கேட்பார்கள். ஆய்வு மாணவரிடம் சம்பளச் சான்றிதழ் ஏது? அப்பாவின் பத்திரமோ வீட்டு நகையோதான் போகும்.

1.5 லட்சத்தில் 50,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை இரண்டு வைப்புகளாகப் போடுங்கள்; அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 12,000, மூன்றாம் ஆண்டு முதல் 20,500 உண்டு. பெரும்பாலும் முதலில் கைக்காசைப் போட்டு, பிறகு பில் கொடுத்து வாங்கவேண்டியிருக்கும்.

பலர் கணக்கில் விடுவது ஆறாம் ஆண்டை. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி. ஆறு ஆண்டு வரை நீளலாம், உதவித்தொகை ஐந்தோடு நின்றுவிடும். ஆய்வேடு எழுதும் அந்த ஆண்டில்தான் கடன் வாங்க நேர்கிறது. தொகை ஒழுங்காக வரத் தொடங்கியதும் வங்கியில் மாதம் 6,000 வீதம் 54 மாத ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள். அசல் மட்டும் 3,24,000. ஆறாம் ஆண்டுக்கு மாதம் 27,000 ஆகிறது. அஞ்சலக ஆர்.டி. 60 மாதம் என்பதால், வருமானமில்லாத ஆண்டிலும் தவணை கட்டவேண்டி வரும்.

வரைவதை விடாதீர்கள், ஆனால் குறைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை வாங்கும்போது சம்பள வேலையில் இருக்கக்கூடாது. அவ்வப்போது வரும் ஓவிய வேலைக்கும் வழிகாட்டியிடமும் நிறுவனத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். உதவித்தொகைக்கு வருமான வரி பொதுவாக இல்லை. ஓவிய வருமானம் வரிக்கணக்கில் சேரும். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. பதிப்பகம் டி.டி.எஸ். பிடித்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லாத ஐந்து ஆண்டு இது. உங்கள் பெயரில் 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள்.

அப்பா விடமாட்டார் என்றால் 2,500 ரூபாய்த் தவணையில் 40 மாதச் சிட்டி போதும். அதுவும் உதவித்தொகை கைக்கு வரத் தொடங்கிய பிறகு, ஐந்தாம் ஆண்டுக்குள் முடிகிறபடி.